முள்ளக்காவின் இரண்டு ரோஜாக்கள்

ரோஜாவைத் தலைகீழாகப் பிடித்துக் காதோரம் கொண்டுபோய் மெதுவாக இரண்டு ஆட்டு ஆட்டுகிறார் முள்ளக்கா. கண் மூடியிருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இதழ் மடிப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடுமாம். "தண்ணி இருந்தா பேசும். பேசுற பூவை முக்கக் கூடாது" என்கிறார். பேசாத பூ வலப் பக்கக் கம்பியில் தொங்கப் போகும். பேசுகிற பூ இடப் பக்கம், மின்விசிறிக்கு முன்னால் போய் உட்காரும். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். வணக்கம் சொன்னாலும் பதில் வராது. காது வேலையில் இருக்கிறது.

நிஜ ரோஜாவைத் தங்கத்தில் மூடுவது முள்ளக்காவின் தொழில். அச்சில் வார்த்த பொம்மை ரோஜா இல்லை. அன்றைக்குச் செடியிலிருந்து வெட்டிய பூ. பாதி விரிந்திருக்க வேண்டும். மொட்டாக இருந்தால் முட்டைபோல் உருண்டுவிடும். முழுக்க விரிந்துவிட்டால் அதைச் "சோம்பேறி" என்பார். சோம்பேறிக்கு வார்னிஷ் நிற்காது.

முதலில் வார்னிஷ். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவில் மெல்லிய தூரிகையை விட்டு, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி பூசுவார். காய்ந்த பிறகு வெள்ளிப் பொடி கலந்த பூச்சு. மின்சாரம் பூவின் மேல் நடந்து போக ஒரு பாதை வேண்டுமல்லவா, அதற்கு. பிறகு செம்புத் தொட்டி. மயில்துத்தம் கரைத்த அந்தத் தண்ணீரின் நீலத்தைப் பார்த்தால் கை விட்டு அளையத் தோன்றும். அதற்குள் பூ ஒரு நாள் முழுக்க முங்கிக் கிடக்கும். மின்சாரம் ஓட ஓடச் செம்பு பொடிப் பொடியாக வந்து இதழின் மேல் படியும். இதழின் நரம்பு, இலை ஓரத்துப் பல், எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் படியும். பிறகு நிக்கல் தொட்டி. கடைசியாகத் தங்கத் தொட்டி. அதில் நாலைந்து நிமிடம்தான்.

வாங்க வருகிறவர்கள் முழுதும் தங்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். முள்ளக்கா அவர்களை அப்படி நினைக்க விடமாட்டார். "உள்ளே பூ, நடுவுல செம்பு, மேல தங்கம். தங்கம் உங்க நகத்துல ஒட்டுற அளவு. அதுக்கு மேல கேட்டா நகைக் கடைக்குப் போங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். இப்படிச் சொல்லியும் ஆட்கள் வருகிறார்கள்.

முள்ளக்கா என்ற பெயர் வந்த கதை சின்னது. ரோஜா வாங்க வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் முள்ளை எடுத்துவிடச் சொல்வார்கள். கையில் குத்துமே என்பார்கள். இவர் எடுக்கமாட்டார். செம்பு ஏறினால் முனை மழுங்கிவிடும், குத்தாது, ஆனால் முள் இருந்தாக வேண்டும் என்பார். ஒரு முறை பெரிய நிறுவனம் ஒன்றின் மேலாளர் நாற்பது ரோஜா கேட்டு வந்து, முள் இல்லாமல் செய்து தந்தால்தான் ஆச்சு என்று நின்றார். "முள்ளில்லாம வேணும்னா முட்டைக்கோஸ் வாங்கிக்குங்க, அதுவும் அடுக்கடுக்காத்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அந்த மேலாளர்தான் தெருவில் நின்று "அந்த முள்ளக்கா இருக்காங்களே" என்று யாரிடமோ தொலைபேசியில் புலம்பியது. தெரு அதைப் பிடித்துக்கொண்டது.

வயது ஐம்பத்தாறு. ஒல்லி. விரல் நுனி பத்தும் பச்சையும் நீலமுமாக இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. பட்டறையில் புகையை வெளியே தள்ளுகிற விசிறி நாள் பூராவும் இரைவதால் குரல் எப்போதும் உச்சத்தில்தான். வீட்டிலும் அப்படித்தான். லாரி ஓட்டுகிற அவர் கணவர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து தங்குவார். அன்றைக்கு மட்டும் முள்ளக்கா குரலைத் தணித்துப் பேச முயற்சி செய்வார். பாதியில் மறந்துவிடும். "ரகசியம் பேசினாக்கூட ரெண்டு வீட்டுக்குக் கேக்குது" என்று கணவர் சிரிப்பார்.

பட்டறையின் மூன்று அறைக்கும் மூன்று ஜோடி செருப்பு. ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் யாராக இருந்தாலும் திட்டு உண்டு. தங்கத் தொட்டியில் பூ இறங்கும்போது வானொலியை அணைத்துவிடுவார். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். மின்சாரம் எவ்வளவு போகிறது என்று காட்டும் முள்ளைப் பார்த்து, "போதும்டா, ஆசைப்படாதே" என்று அதட்டுவார். முப்பது வருஷமாக ரோஜாவோடு கிடந்தும் ஒரு பூவைக்கூட அவர் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

பட்டறைப் பின்கதவுக்கு வெளியே ஓர் உடைந்த வாளியில் அவருடைய சொந்த ரோஜாச் செடி இருக்கிறது. டீத்தூள் போட்டு வளர்க்கிறார். சுமாராகத்தான் பூக்கும். அந்தப் பூவில் ஒன்றைக்கூட இதுவரை தொட்டியில் இறக்கியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பெத்த புள்ளைய யாராச்சும் முக்குவாங்களா" என்றார்.

பட்டறையில் அவரோடு இருப்பவர் நாத்தனார். கணவரின் தங்கை. முன்கூடத்தில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவது, பூவை வாங்கி அளவுக்குத் தண்டை வெட்டித் தண்ணீரில் வைப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் அவர். பெட்டிக்கு உள்ளே வைக்கிற வெல்வெட் துணியைத் தைத்துக் கொடுப்பது நான். தையல் இயந்திரம் அவர்கள் கூடத்தில்தான் கிடக்கிறது. அதனால் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

முள்ளக்கா செய்கிற ரோஜாவில் இரண்டு வகை. மொத்தக் கடையிலிருந்து கட்டாக வருகிற பூவில் செய்து அலமாரியில் வைப்பது ஒன்று. ஆட்கள் தங்கள் வீட்டுச் செடியிலிருந்து தாங்களே கொண்டுவரும் பூவில் செய்வது இன்னொன்று. இரண்டாவது வகைக்குத்தான் அவர் உயிரை விடுவார். மகள் வைத்த செடி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பூத்த பூ, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். செய்து முடித்துக் கையில் கொடுக்கும்போது பெட்டியை மூடாமல் நீட்டி, "உங்க பூதான்" என்பார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லமாட்டார். தங்கம் ஏறிய பிறகு எந்தப் பூ யார் வீட்டுப் பூ என்று யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டு வார்த்தையைத்தான் ஆட்கள் நம்பி வாங்கிப் போகிறார்கள். ஆண்டவன் ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகப் படைக்கிறான், அதை நாம் கலந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். முள்ளக்காவுக்கு அவ்வளவு நீளமாகப் பேச வராது.

போன மாதம் ஒரு லிப்ட்காரர் வந்தார். லிப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். ஈரத் துணியில் சுற்றி ஒரு சிவப்பு ரோஜா கொண்டுவந்திருந்தார். அவரும் மனைவியும் தரை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் இருக்கும் ஏழாவது மாடிக்குப் போகப் போகிறார்கள். மனைவிக்கு முழங்கால் சரியில்லை. தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். வாசலில் அந்த அம்மா இருபத்தாறு வருஷம் வளர்த்த ரோஜாச் செடி இருக்கிறது. வேர் சுற்றுச்சுவருக்கு அடியில் போய்விட்டதால் பெயர்த்து எடுக்க வழியில்லை. கிளையை வெட்டி மூன்று முறை தொட்டியில் நட்டும் பிடிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். அதற்குள் இந்தப் பூவைத் தங்கமாக்கித் தர வேண்டும், மனைவிக்குத் தெரியக் கூடாது, கிளம்பும்போது கையில் கொடுக்க வேண்டும் என்றார். முகம் வேர்த்திருந்தது. வயசானவர் வெயிலில் வந்திருக்கிறார் என்று நாத்தனார் தண்ணீர் கொடுத்தார். பூவை வாங்கி, தண்டின் கீழ்ப் பாதியை வழக்கம்போல வெட்டித் தள்ளிவிட்டு மேல் பாதியைத் தண்ணீரில் வைத்தார்.

முள்ளக்கா அன்றைக்கே வார்னிஷ் பூசினார். பூசிக்கொண்டே, "தண்டு என்ன இவ்ளோ நேரா இருக்கு. நல்ல வெயில் படுற வாசல் போல" என்று மட்டும் சொன்னார்.

வெளியார் பூவுக்கு ஓர் எண் வில்லை உண்டு. சட்டைப் பித்தான் அளவு பிளாஸ்டிக் துண்டு. முள்ளக்கா அதை மெல்லிய கம்பியால் தண்டின் அடியில் கட்டிவிடுவார். பூ எத்தனை தொட்டி இறங்கினாலும் வில்லை கூடவே இறங்கும். செவ்வாய்க்கிழமை செம்புத் தொட்டியில் இரண்டு ரோஜா இறங்கின. ஒன்று லிப்ட்காரருடையது, வில்லை கட்டியது. இன்னொன்று அலமாரிக்கு வேண்டி மொத்தக் கடைப் பூ, வில்லை இல்லாதது. அதே சிவப்பு, அதே விரிவு. வெள்ளிப் பூச்சுப் போட்டால் சிவப்பும் தெரியாது.

புதன்கிழமை காலையில் தொட்டியைத் திறந்தபோது இரண்டு ரோஜாவும் புதுச் செம்பாக மின்னின. வில்லை தொட்டியின் அடியில் கிடந்தது. கட்டிய கம்பி அவிழ்ந்துவிட்டது.

முள்ளக்கா வில்லையைச் சல்லடைக் கரண்டியால் எடுத்துக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு இரண்டு ரோஜாவையும் சன்னலுக்குக் கொண்டுபோனார். மத்தியானம் வரை சன்னலிலேயே நின்றார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டுச் செடிப் பூவையும் கடைப் பூவையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்பார். கடைப் பூ வரிசையில் நின்று வளர்ந்தது, தண்டு கோல் மாதிரி இருக்கும். வீட்டுப் பூ சுவரைத் தாண்டி வெயிலைத் தேடி வளைந்திருக்கும், ஏதாவது ஒரு பூச்சி இலையைக் கடித்திருக்கும். செம்பு மூடினாலும் அந்த வளைவும் கடியும் போகாது. பல முறை நாத்தனார் சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார். அன்றைக்கு முள்ளக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தன.

தங்கம் ஏறினால் முகம் தெளியும் என்று சொல்லி, நிக்கலும் ஏற்றி, தங்கமும் ஏற்றினார். தெளியவில்லை. அழகாக இருந்தன, அவ்வளவுதான்.

நாத்தனார் தணிந்த குரலில் சொன்னார்: "எதக் குடுத்தாலும் அவர் வாங்கிட்டுப் போகப்போறார் அண்ணி. பூவுல பேரா எழுதியிருக்கு?"

"எனக்கே தெரியாததை அவருக்கு உங்க பூதான்னு எப்படிடி சொல்றது?"

"சொல்லாம குடுத்துடுங்க."

"சொல்லாம குடுத்தா அதுவும் சொன்ன மாதிரிதான்."

அன்று முள்ளக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பட்டறைக்கு வராமல் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண் போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கிறது, கண்ணாடி எண் மாற்ற வேண்டியதில்லை என்றாராம். திரும்பி வந்து செருப்பை மாற்றிக்கொண்டே, "கண்ணுல கோளாறு இல்லையாம். அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றார். நாத்தனார் சிரித்துவிட்டார். முள்ளக்கா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் முடிவாகச் சொன்னார். லிப்ட்காரர் பூ எது என்று தெரியாமல் போனால், இனிமேல் வெளியார் பூவையே வாங்கப் போவதில்லை. கடைப் பூவில் மட்டும் செய்து அலமாரியில் வைக்க வேண்டியது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியது. வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் 'உங்கள் வீட்டுப் பூவும் செய்து தரப்படும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அழிக்க நாத்தனாரிடம் பெயின்ட் டப்பா எங்கே என்று கேட்டார். நாத்தனார் தெரியாது என்றார். டப்பா என் தையல் இயந்திரத்துக்குக் கீழேதான் இருந்தது. நானும் காலை நகர்த்தவில்லை. ஆண்டவன் இந்தச் சின்னப் பொய்யை மன்னிப்பான் என்று நினைக்கிறேன்.

பூவை வைத்துக்கொண்டு பூவைக் கண்டுபிடிக்க முடியாது, செடியைப் பார்த்தால் தெரியலாம் என்று சொன்னது நான்தான். ஒரு செடியின் முள்ளும் இலையும் ஒரு குடும்பத்துச் சாயல் மாதிரி இருக்கும் அல்லவா. முள்ளக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். முப்பது வருஷத்தில் செடியைப் பார்க்கப் போனதே இல்லை, பூ மட்டும்தான் தன்னிடம் வரும் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு ரோஜாவையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். வழி நெடுகப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தார். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வீட்டு வாசல் முழுக்க அட்டைப் பெட்டிகள். லிப்ட்காரர் ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஓடி வந்து கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றுதானே சொன்னேன், இப்போது போய்விடுங்கள் என்று கிசுகிசுத்தார். முள்ளக்கா செடியைப் பார்க்க வேண்டும் என்றார். செடியைப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் இன்னும் பதறினார். முள்ளக்காவும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய கிசுகிசுப்பு எது என்று நான் முன்னமே சொல்லியிருக்கிறேன்.

"யாருங்க அது, என் செடியைப் பத்திப் பேசுறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடவே அந்த அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உருண்டையான முகம். கையில் பாதி சுற்றிய கண்ணாடி டம்ளர்.

மறைக்க வழியில்லாமல் போனது. முள்ளக்கா எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் செடிப் பூவைத் தங்கத்தில் போடக் கொடுத்தார், நான் கட்டிய வில்லை அவிழ்ந்துவிட்டது, இரண்டு பூ கலந்துவிட்டது, எது உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை, கட்டும்போது கவனிக்காதது என் தப்பு, வேறு யார் தப்போ கம்பியின் தப்போ இல்லை. இப்படி ஒரே மூச்சில். பிறகு துணியைப் பிரித்து இரண்டு ரோஜாவையும் பெட்டியின் மேல் வைத்தார்.

அந்த அம்மா முதலில் கணவரைப் பார்த்தார். "இதுக்குத்தான் திங்கக்கிழமை பேங்க்குக்குப் போறேன்னு போனீங்களா?" அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ரோஜாவை எடுத்துப் பூவைப் பார்க்காமல் பூவுக்குக் கீழே கட்டை விரலால் தடவினார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தடவினார். அதையும் வைத்தார்.

"ரெண்டும் என் செடிப் பூ இல்லையேம்மா."

முள்ளக்கா பக்கத்துப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதாக ஒரு பூ எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என் செடியில பூவோட கழுத்துல பொடிப் பொடியா முள்ளு இருக்கும். இதோ இவர் ஞாயித்துக்கிழமை தாடை மாதிரி" என்று கணவரைக் காட்டினார். "இது ரெண்டும் மழமழன்னு இருக்கு. கடைப் பூ மாதிரி."

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. லிப்ட்காரர் கயிற்றைக் கீழே போட்டார்.

"பஸ்ல கூட்டம். ஒரு ஆள் என் மேல சாஞ்சுட்டான். பார்த்தா பூ கழுத்தோட உடைஞ்சு தொங்குது. ஸ்டாப்புல இறங்கினேன். அங்க ஒரு பூக்கடை. அதே செவப்புல இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "செடியில அன்னைக்கு வேற பூவும் இல்ல."

"முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ல இருக்கிற ஆளுங்களையெல்லாம் ஏத்தி இறக்கினீங்க. ஒரு பூவை ஏத்தி இறக்கத் தெரியல" என்றார் அந்த அம்மா. "உடைஞ்ச பூவை என்ன பண்ணீங்க?"

"சட்டைப் பையில வெச்சேன்."

"அந்த வெள்ளைச் சட்டையிலே கறை அதுதானா? அரை நாள் தேய்ச்சேன் அதை. பேனா ஒழுகிடுச்சுன்னு வாய் கூசாம சொன்னீங்களே."

இதற்கு நடுவில் முள்ளக்கா இரண்டு ரோஜாவையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது. கடையில் தண்டின் கீழ்ப் பாதியில்தான் முள்ளைச் சீவுவார்கள், அது இருந்திருந்தால் கடைப் பூ என்று அன்றைக்கே தெரிந்திருக்கும், அந்தப் பாதியைத்தான் நாத்தனார் வெட்டித் தள்ளிவிட்டாரே என்று என்னிடம் சொன்னார். இரண்டும் கடைப் பூவாக இருந்தால் எப்படி வித்தியாசம் தெரியும் என்றார். பிறகு, "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

லிப்ட்காரர் மன்னிப்புக் கேட்டார். முள்ளக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க பொய் சொன்னீங்க, நான் அதைத் தங்கத்துல முக்கி வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து வாங்கியிருந்தா உங்க பூதான்னு சொல்லிக் குடுத்திருப்பேன்." என்று மட்டும் சொன்னார். இதற்கு முன்னால் இப்படி எத்தனை பேர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினார்களோ என்று அவர் நினைத்திருக்கலாம். நான் நினைத்தேன்.

பிறகு அவர் எழுந்து செடியைப் பார்க்கப் போனார். சுற்றுச்சுவரின் மூலையில், குடை மடக்கிச் சாய்த்து வைத்த மாதிரி நின்றது. அடித்தண்டு என் மணிக்கட்டு அளவு. கிளைகள் வெயிலுக்காகச் சுவரைத் தாண்டி வெளியே எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வளைந்திருந்தன. பல இலைகளில் பூச்சி அரைவட்டமாகக் கத்தரித்திருந்தது. திங்கட்கிழமை மொட்டாக இருந்தது போலும், சுவரோரக் கிளையில் ஒரே ஒரு பூ பாதி விரிந்து நின்றது. அதன் கழுத்தில் சிவப்பாகப் பொடி முள். முள்ளக்கா குனிந்து பார்த்தார். இலையைப் புரட்டிப் பார்த்தார். அடியிலிருந்து நுனி வரை ஒரு கிளையைக் கண்ணாலேயே ஏறிப் போனார். முப்பது வருஷம் தலையை மட்டும் பார்த்தவர் முதல் தடவையாக ஆளை முழுசாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு புது ரோஜா செய்து தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது, ஆனால் ஏழாவது மாடிக்கு நானே கொண்டுவருகிறேன் என்றார். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். இருக்கிறது ஒரே பூ, அது செடியிலேயே இருக்கட்டும், நாலு நாள் நின்று உதிரட்டும் என்றார். தங்கம் உதிராது, ஏழாவது மாடியில் உட்கார்ந்து அதற்குத் தூசி தட்ட வேண்டும் என்றார். லிப்ட்காரர் மெல்லச் சொன்னார், வீட்டை வாங்கியவர் திங்கட்கிழமை சுவரை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்யப் போகிறார் என்று. அந்த அம்மாவுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. செடி பக்கம் திரும்பி, ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். அப்புறம் இன்னொன்று.

"இவர் என்கிட்ட மறைச்சார். நீங்க இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து, எது உங்க பூன்னு எனக்குத் தெரியலன்னு சொன்னீங்க" என்றார் முள்ளக்காவிடம், செடியைப் பார்த்தபடியே. "சரிம்மா. எடுத்துக்குங்க."

முள்ளக்கா பூவைத் தொடவில்லை. முதலில் பையில் கை விட்டு ஒரு வில்லையை எடுத்தார். செடியிலேயே நிற்கிற அந்தப் பூவின் தண்டில், வெட்டப்போகிற இடத்துக்கு ஒரு விரல் மேலே, கம்பியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றி முறுக்கினார். வில்லையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கிளை முழுதும் கூடவே வளைந்து வந்தது. அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தார்.